கேசட்டுக்குள் இருந்த ஐந்தாவது கோடு

எங்கள் தொழிற்சங்க மலருக்கு நாலு பக்கம் கேட்டார்கள். கேட்டது நான் இருந்த லேபில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர்கள். அவர்கள் சிப் சிப்பாகப் பழுது பார்ப்பதில்லை. ஒரு சர்க்யூட் கார்டு கெட்டால் முழுக் கார்டையும் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுகிறார்கள். "அந்தக் காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? அத எழுதுங்க" என்றார்கள்.

எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்தேன். நான் கண்டுபிடித்ததில் எனக்கு முழு உறுதி உள்ளது ஒன்றே ஒன்றுதான். அது என் தப்பு. அந்தத் தப்பினால் ஏழுமலை என்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆறு சிப் திருடியவன் என்று பேர் வந்தது. வேலை போனது. அவர் எதையும் எடுக்கவில்லை என்று எழுத்தில் வைப்பதற்குத்தான் இந்த நாலு பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்வதற்காக.

நான் நெய்வேலிச் சுரங்கத்து எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முப்பத்தொரு வருஷமும் எட்டு மாதமும் வேலை பார்த்தேன். பயிற்சிக் காலம் இரண்டு வருஷம். அதில் கற்றது சால்டரிங், வண்ணக்கோடு பார்த்து ரெசிஸ்டர் மதிப்புச் சொல்வது, பேசாமல் இருப்பது. மீதியை எல்லாம் தணிகாசலம் சாரிடம்தான் கற்றேன்.

தணிகாசலம் சார் எங்கள் பொறியாளர். இடது கைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது ஒரு தகவல் சொன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பதுபோலச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "எண்ணினீங்களா, நெனச்சீங்களா?" நினைத்தேன் என்று சொன்னால் கோபப்பட மாட்டார். "அப்ப போய் எண்ணிட்டு வாங்க" என்பார், அவ்வளவுதான். முதல் வருஷம் நான் தினமும் ஏழெட்டு முறை போய் எண்ணிவிட்டு வந்தேன். பிறகு அதுவே எனக்கு வியாதியாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டுப் படி, பஸ்ஸில் உள்ள தலை, மாத்திரை எல்லாவற்றையும் எண்ணுகிறேன். இரவு கேஸ் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் படுப்பதில்லை.

எங்கள் லேபில் ஈப்ராம் என்ற சிப் நிறைய இருக்கும். சுரங்கத்தில் கன்வேயரும் மண்வெட்டும் இயந்திரங்களும் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்ற கட்டளை அதற்குள் பதிந்திருக்கும். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. பழைய பதிவை அழிக்க வேண்டுமானால் ஒரு பெட்டிக்குள் அல்ட்ரா வயலட் விளக்கின் கீழே இருபது நிமிஷம் வைக்க வேண்டும். விளக்கு எரியும்போது மூடியைத் திறந்தால் கண் போய்விடும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். அப்போதுதான் திறக்கலாம். பெட்டியின் தட்டில் ஆறு சிப் கொள்ளும்.

சிப்பின் ஜன்னலில் ஒட்டும் காகிதம் உரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சிப்பின் வயிற்றிலும் ஊசியால் வரிசை எண் கீறி வைப்பது எங்கள் லேபின் வழக்கம். அதன் பக்கத்தில், ஒவ்வொரு முறை அழித்து எடுக்கும்போதும் ஒரு கோடு. அடிக்கடி அழித்த சிப் நம்பகமில்லாமல் போகும். கோடு பார்த்து ஒதுக்கிவிடுவோம். கோட்டைப் போடுவது சிப் விளக்கிலிருந்து வெளியே வந்த பிறகுதான். வைக்கும்போது போடக் கூடாது. கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் அழியாத சிப்புக்குக் கோடு விழுந்துவிடும் என்பது சாரின் வாதம். டைரியிலும் அப்படியே எழுதுவேன்: வெளியே வந்தால்தான் பதிவு. எங்கள் வழக்கம் சரியானது என்று முப்பத்தொரு வருஷமும் நம்பினேன். விளக்குக்குள் இருக்கும் சிப் எந்தக் காகிதத்திலும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்டோர்ஸிலிருந்து இருப்பு எண்ண மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு அன்றைக்கே வந்து நின்றார்கள். ஈப்ராம்களை நான் எண்ணினேன். ஆறு குறைந்தது. மறுபடி இரண்டு முறை எண்ணினேன். ஆறு. சார் கண்ணாடியைத் துடைத்தார். "எண்ணினீங்களா?" என்றார். "மூணு தடவை சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது மணி பதினொன்று நாற்பது.

ஸ்டோர்ஸ்காரர் என்னைக் கேட்டார்: "காலையிலேருந்து இந்த ரூமுக்கு யார் யார் வந்தது?"

"நாலு பேர் சார். மூணு பெர்மனென்ட், ஒரு கான்ட்ராக்ட்."

நான் பொய் சொல்லவில்லை. எண்ணித்தான் சொன்னேன். அந்த ஒரு கான்ட்ராக்ட் ஏழுமலை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். எட்டு வருஷமாக லேபைப் பெருக்கி, கார்டுகளைச் சுமந்து கொண்டுவந்து போட்டவர். நிரந்தரம் ஆகும் வரிசையில் பேர் வரலாம் என்று பேச்சிருந்த நேரம். அவர் பையைக் கேட்டில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு. சிப் இல்லை. மறுநாள் காலை ஒப்பந்தக்காரர் அவர் பாஸை ரத்து செய்துவிட்டார். யாரும் திருடன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

நான் அதன்பின் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சாரும் பேசவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அன்றிலிருந்து அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு வேலை பழகிவிட்டது, அதனால் கேட்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு கேசட் வேலை தற்செயலாக வந்தது. இரண்டாயிரத்துப் பத்தில் என்று நினைக்கிறேன். இல்லை, டைரியில் பார்த்துவிட்டேன், பதினொன்று. டிவியில் மாட்டி விளையாடும் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தொண்ணூறுகளில் வடலூர்க் கடைகளில் தொங்கிய மஞ்சள், சிவப்பு கேசட்டுகள் எல்லாமே திருட்டு நகல். எந்த ஊரில் யார் செய்தது என்று பெட்டியில் இருக்காது. உள்ளே இருக்கும் பலகையை வைத்து எதன் நகல், எந்தக் குடும்பத்துக் கேசட் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. தயாரித்தவன் எண்ணைச் சுரண்டிவிட்ட சிப்பை அடையாளம் காண்பதுதானே என் பிழைப்பாக இருந்தது.

என் முறை இது. முதலில் எடை. பிறகு திருகு எத்தனை, அதன் தலை எந்த வகை. பலகையின் விளிம்பில் அறுபது பின். அதில் எத்தனை உள்ளே இணைந்திருக்கிறது. சிப்புக்குப் பதில் கறுப்புத் தார்ப் பொட்டு வைத்திருந்தால் எத்தனை பொட்டு, எத்தனை மில்லிமீட்டர். பிறகு டிவியில் மாட்டி ஆட்டங்களை எண்ணுவேன். ஒரு கேசட்டின் மேல் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று அச்சிட்டிருந்தது. பதினோரு நாள் உட்கார்ந்தேன். நாலு ஆட்டம். அதையே வேகம் மாற்றி, நிறம் மாற்றித் திருப்பித் திருப்பி வைத்திருந்தார்கள்.

"நாலுன்னு மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி, பதினோராம் நாள். "அந்த டொய்ங் டொய்ங் சத்தம் நாலு தினுசுதான் வந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கொண்டுவருபவரிடம் இது எங்கே கிடைத்தது என்று முன்னாடியே கேட்க மாட்டேன். கேட்டால் கண் அதைத்தான் தேடும். இதுவும் சார் சொன்னது.

இரண்டாயிரத்துப் பதினாறில் கவிதா வந்தது முந்நூற்றுப் பன்னிரண்டாவது கேசட்டோடு. டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்த பெண், இப்போது வடலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கேசட்டில் லேபிள் இல்லை. "அங்கிள், இதோட போட்டோவ இன்டர்நெட்ல சேகரிக்கிறவங்க குரூப்ல போட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. இப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுங்கறாங்க" என்றாள்.

மாட்டிப் பார்த்தேன். டாங்கி சுடும் ஆட்டம். ஒன்றே ஒன்று. முந்நூற்றுப் பதினோரு கேசட்டிலும் பொய்யைத்தான் எண்ணியிருந்தேன். பொய் சொல்லாத திருட்டுக் கேசட்டை அன்றுதான் பார்த்தேன். அதுவே எனக்கு என்னவோ செய்தது.

திறந்தேன். பலகை வேறு ஏதோ கெட்டுப்போன கேசட்டினுடையது. அதிலிருந்த சிப்பை எடுத்துவிட்டு இரண்டு சாக்கெட் வைத்து, இரண்டு ஈப்ராம் செருகியிருந்தது. ஒன்று ஆட்டத்துக்கு, ஒன்று படத்துக்கு. சால்டர் ஒவ்வொன்றும் ஒரே அளவு. எந்தத் திருட்டுத் தொழிற்சாலையும் சாக்கெட் வைக்காது. அதற்கு நேரமும் மனசும் கிடையாது. நாளை யாராவது கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிற ஆள்தான் வைப்பார்.

சிப்பை நெம்பி எடுத்து வயிற்றைத் திருப்பினேன். நூற்றேழு என்று கீறியிருந்தது. ஏழின் நடுவில் குறுக்குக்கோடு. ஏழை அப்படிப் போடுவது நான்.

"அங்கிள், தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றாள் கவிதா.

வேண்டாம் என்று கை காட்டிவிட்டு லென்ஸை எடுத்தேன். எண்ணின் பக்கத்தில் கோடுகள். நாலு கோடு வலப்பக்கம் சாய்ந்தவை, என் கை. ஐந்தாவது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஏழு முறை எண்ணினேன். அடுத்த சிப் நூற்றெட்டு. அதிலும் கடைசிக் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் கேட்டேன். "இத உனக்கு யாரும்மா குடுத்தா?"

"எங்க எதிர் குவார்ட்டர்ஸ் தணிகாசலம் அங்கிள். அப்ப நான் நாலாவது படிச்சேன். எங்க தெருவுல மூணு பேருக்கு ஒண்ணொண்ணு செஞ்சு குடுத்தாரு. காசு வாங்கல. எங்கப்பா கேட்டதுக்கு, 'இது எங்கிட்ட இருக்கக் கூடாது'ன்னாராம். வீடியோ கேம் ஆடற வயசில்லன்னு சொல்றாருன்னு அப்பா சிரிச்சாரு."

மூன்று கேசட். கேசட்டுக்கு இரண்டு. ஆறு.

அவள் போன பிறகு பரணிலிருந்து டைரிகளை இறக்கினேன். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இருப்பு எண்ணிய நாளுக்கு முந்தைய நாள்: 'நூற்றொன்று முதல் நூற்றாறு வரை அழித்தது.' இருப்பு எண்ணிய நாள்: அழித்த பதிவு இல்லை. 'கரண்ட் இல்லை, 10.25 – 1.10.' அடுத்த நாள்: 'நூற்றுப் பதின்மூன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரை.'

அந்தக் காலையும் மற்றக் காலைகளைப் போலவே நான் ஆறு சிப்பை விளக்கில் வைத்திருக்கிறேன். கரண்ட் போய்விட்டது. மணி அடிக்கவில்லை. ஸ்டோர்ஸ்காரர்கள் வந்த பதற்றத்தில் அலமாரியை மூன்று முறை எண்ணிய நான் பெட்டியின் மூடியை ஒரு முறைகூடத் திறக்கவில்லை. வைத்த ஞாபகம் இன்றைக்கும் எனக்கு இல்லை. தினமும் செய்ததை அன்றும் செய்தேனா என்று எப்படி ஞாபகம் இருக்கும்? ஸ்டோர்ஸுக்கு எண்ணிக்கை போதும் என்பதால் வரிசை எண்ணையும் பார்க்கவில்லை. மறுநாள் நூற்றாறுக்கு அடுத்து நூற்றுப் பதின்மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். எண்ணுகிறவன் என்று பேர் வாங்கியவன் அந்த இடைவெளியைப் பார்க்கவில்லை.

சார் அன்று சாயங்காலம் மூடியைத் திறந்திருக்க வேண்டும். கரண்ட் வந்து, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் விளக்கு வேலையை முடித்து வைத்திருக்கும். ஆறையும் எடுத்து, பழக்கத்தில் ஒவ்வொன்றிலும் தன் இடது கையால் ஒரு கோடு போட்டிருக்கிறார். திருட நினைப்பவர் அலமாரியில் இருந்த புதுச் சிப்பை எடுப்பார். என் தட்டில் வரிசையாக இருந்த பழைய ஆறை எடுக்க மாட்டார். அவருக்கு உண்மை அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டதற்கு எனக்குக் குற்றப்பத்திரிகை வந்திருக்கும். எனக்கு அப்போது பதவி உயர்வு வரவிருந்தது. கான்ட்ராக்ட் ஆள் வேறு இடத்தில் சேர்ந்துகொள்வான் என்று அவர் நினைத்திருக்கலாம். எண்ணாமல், நினைத்திருக்கலாம். குறைவு என்று எழுதிய ஆறு சிப்பை லேபில் வைத்துக்கொள்ளவும் முடியாது. குழந்தைகளுக்கு விளையாட்டாக்கிக் கொடுத்துவிட்டார்.

பத்தொன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. சார் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. செத்தவர் பேரை இழுக்கிறோமே என்று பயம். பென்ஷனுக்கு ஏதாவது வருமோ என்று பயம். ஏழுமலை உயிரோடு இருக்கிறாரா என்று பயம், இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். கேஸ் குமிழை ஆறேழு முறை தொட ஆரம்பித்தேன்.

"ஏங்க, இப்படியே இருந்தா நீங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவீங்க" என்றாள் மனைவி. "முத்தாண்டிக்குப்பம் அத விடப் பக்கம்."

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு ஷெட்டில் அவரைக் கண்டுபிடித்தேன். மூட்டை தூக்கும் வேலை. மதியம், சாப்பாட்டு நேரம். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எண்ணிக்கினே இருப்பாரே, அந்த சாரா?"

"ஆமாங்க. ராஜமாணிக்கம். உங்களப் பார்க்கத்தான் வந்தேன்."

"இன்னா சார், வாங்க போங்கன்னு பேசிக்கினு இருக்கீங்க? அப்பல்லாம் 'டேய் ஏழுமலை'தான?" சிரித்தார். "குந்துங்க. மூட்ட மேலயே குந்துங்க. எத்தினின்னு மட்டும் எண்ணிப்புடாதீங்க, ஓனரு பயந்துப்பாரு."

எண்ணிவிட்டிருந்தேன். பதினான்கு.

கவிதாவிடம் கேட்டு வாங்கி வந்த சிப்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விளக்கு, கரண்ட், கோடு, டைரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினூண்டுக்கா?" என்றார்.

"நீங்க எடுக்கலன்னு இப்ப எனக்கு உறுதியாத் தெரியும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். இருவத்தோரு வருசம் கழிச்சி எங்கிட்டயே வந்து சொல்லிக்கினு இருக்கீங்க. எடுத்தான்னு நம்பிக்கினு இருக்கானுங்களே, அவனுங்ககிட்ட சொல்லுங்க."

"நான் உங்க பேரச் சொல்லல ஏழுமலை. நாலு பேர் வந்தாங்கன்னு மட்டும்தான்..."

"மூணு பெர்மனென்ட்டு, ஒரு கான்ட்ராக்ட்டு. வாசல்ல நின்னுக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்." சிப்பை என் கையில் திருப்பி வைத்தார். "உங்க அளவுக்கு எண்ண வராது சார் எனக்கு. ஆனா நாலுல மூணு போனா ஒண்ணுன்னு தெரியாதா?"

 பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஊர்ல என் பேரு இன்னா தெரியுமா? சிப்பு ஏழுமலை. சிப்புன்னா இன்னான்னு தெரியாதவன்கூட அப்பிடித்தான் கூப்புடுவான். அத வுடுங்க. எம்பொண்ணு டிப்ளமா முடிச்சிட்டு வூட்ல இருக்குது. சொரங்கத்துல கான்ட்ராக்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்குது. அதே கான்ட்ராக்டரு கம்பெனிதான், இப்ப அவரு புள்ள பாக்குறாரு. 'எந்த ஏழுமலை, சிப்பு ஏழுமலை பொண்ணா?'ன்னு கேட்டானாம். புள்ள வந்து அழுவுது. எனக்குச் சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அங்க சொல்லுங்க."

பஸ் ஸ்டாப் வரை வந்தார். பஸ் வந்ததும், "படி பாத்து ஏறுங்க சார். மூணு படி" என்றார். மூன்றுதான்.

அன்றே கடிதம் எழுதினேன். நான் எண்ணிய எண்ணிக்கை தவறு, ஆறு சிப்பும் லேபை விட்டு அன்று வெளியே போகவில்லை, ஏழுமலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மூன்று வரி. டைரிப் பக்கங்களையும் சிப்பின் படங்களையும் இணைத்தேன். ஒன்றை ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஒன்றை லேபுக்கு அனுப்பினேன். ஒன்று ஏழுமலையிடம் இருக்கிறது. இதை எழுதும்போது நாற்பத்தொரு நாள் ஆகிறது. பதில் வரவில்லை. ஏழுமலையின் பெண்ணை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அலுவலகத்துக்கு ஐந்து முறை போய்வந்தேன். "பாக்குறோம் சார்" என்கிறார்கள். நாளை ஆறாவது முறை போக வேண்டும்.

தணிகாசலம் சாரைக் கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவர் செய்தது பேருதவி. அதற்கான விலையை ஏழுமலை தலையில் வைத்தார் என்பதுதான். அந்த ஐந்தாவது கோட்டை ஏன் போட்டார் என்று இப்போதும் யோசிக்கிறேன். கை பழக்கமாக இருக்கலாம். என்றைக்காவது யாராவது எண்ணிப் பார்க்கட்டும் என்றும் இருக்கலாம். எண்ணிப் பார்க்கக்கூடிய ஆள் நெய்வேலியில் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரியும்.

லேபில் இருந்தவர்கள், ஸ்டோர்ஸில் இருந்தவர்கள், கேட்டில் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படிப்பீர்கள். சிலர் இந்நேரம் சிரித்தபடி 'சிப்பு ஏழுமலை' என்று சொல்லியிருப்பீர்கள். நானும் ஒருமுறை கேன்டீனில் சிரித்திருக்கிறேன். ஆகவே உங்களுக்கும் சேர்த்து இதைச் சொல்கிறேன். அன்று காலை அந்த அறைக்கு வந்தவர்கள் நாலு பேர். அவர்களில் தப்புச் செய்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பெர்மனென்ட்.

இது நான் நினைத்தது இல்லை. எண்ணினது.